ஆற்றில் இறங்காத பிள்ளைக்கு நீச்சலில் விருப்பம் எப்படி வரும்?

போன மே மாதம் பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண வீடு. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. பந்தி முடிந்து வெற்றிலை போட உட்கார்ந்த இடத்தில், யார் வீட்டுப் பிள்ளை என்ன குரூப் எடுக்கிறது என்ற பேச்சு வந்துவிட்டது. பெரியம்மா மகன் முறையில் எனக்கு அண்ணன் ஒருவர், அவருடைய மகள் கணக்கில் 94. "அவளுக்கு என்ன, நர்சிங்கோ பார்மசியோ போகட்டும். பொம்பளப் பிள்ளைகளுக்கு இந்த மெஷின், கம்ப்யூட்டர் இதுலெல்லாம் இஷ்டம் கிடையாது" என்றார் ஒரு மாமா. "இஷ்டம் எங்க இருந்து வரும், நீங்க விட்டாத்தானே வரும்" என்றாள் மதினி. அரை மணி நேரம் இரண்டு பேரும் சத்தம் போட்டார்கள். அந்தப் பிள்ளை பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள், அவளிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

நான் பல வருஷமாக வீட்டில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். ஒவ்வொரு மே மாதமும் இந்தச் சண்டையைக் கேட்கிறேன். இரண்டு பக்கமும் ஆளுக்கொரு துண்டைப் பிடித்துக்கொண்டு அதுதான் முழுசு என்று நினைக்கிறார்கள். பதின்வயதுப் பிள்ளைகளின் விருப்பம் எப்படி உண்டாகிறது என்பதைப் பற்றி ஆராய்ச்சிகள் நிறையவே சொல்லியிருக்கின்றன, அதை நம் ஊர் உதாரணங்களோடு, ஒன்றும் தெரியாதவர்களுக்கும் புரிகிற மாதிரி எழுதிப் பார்க்கிறேன்.

## ஒரு சொல்லுக்குள் நான்கு கேள்விகள்

"பெண் பிள்ளைகளுக்குத் தொழில்நுட்பத்தில் விருப்பம் குறைவு" என்று ஒருவர் சொல்லும்போது அவர் மனதில் நான்கு வெவ்வேறு விஷயங்கள் கலந்து கிடக்கலாம். அவர்களால் முடியுமா என்பது ஒன்று, அது திறமை. அவர்களுக்குப் பிடிக்குமா என்பது வேறு, அதுதான் விருப்பம். கடைசியில் எந்தப் படிப்பில் சேருகிறார்கள் என்பது தேர்வு. வேலையில் சேர்ந்தபின் பத்து வருஷம் கழித்தும் இருக்கிறார்களா என்பது நிலைப்பு. நாலுக்கும் விடை ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை.

திறமையைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். தமிழ்நாட்டில் 2024 பிளஸ் டூ தேர்வில் மாணவிகள் 96.44 சதவீதம் தேர்ச்சி, மாணவர்கள் 92.37. தேர்ச்சி மட்டும் போதாது என்பீர்கள், சரி. பீசா என்று ஒரு சர்வதேசத் தேர்வு இருக்கிறது, பல நாட்டு 15 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரே மாதிரி வைப்பது. 2018 சுற்றில் வளர்ந்த நாடுகளின் சராசரி எடுத்தால் கணக்கில் பையன்கள் 5 புள்ளி முன்னால், அறிவியலில் பெண்கள் 2 புள்ளி முன்னால். சராசரி மதிப்பெண்ணே 490 பக்கத்தில் இருக்கிற தேர்வில் இது ஒரு வித்தியாசமே இல்லை. வாசிப்பில் மட்டும் பெண்கள் 30 புள்ளி முன்னால். இந்த 30ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இப்போது விருப்பம். அதே சுற்றில் பிள்ளைகளிடம், உனக்கு முப்பது வயது ஆகும்போது என்ன வேலையில் இருப்பாய் என்று எதிர்பார்க்கிறாய் என்று கேட்டார்கள். கணினி, தகவல் தொழில்நுட்ப வேலை என்று எழுதியவர்கள் பையன்களில் நூற்றுக்கு 8 பேர், பெண்களில் நூற்றுக்கு ஒருவர். மதிப்பெண் ஏறக்குறைய சமம், கனவு எட்டுக்கு ஒன்று! இந்தியா அந்தச் சுற்றில் கலந்துகொள்ளவில்லை, அதனால் இந்த எண்ணை எடுத்து அப்படியே நம் ஊர் மேல் ஒட்டக் கூடாது. நிறையப் பேர் ஒட்டுகிறார்கள்.

ஆக, முடியுமா என்ற கேள்வியில் பெரிய இடைவெளி இல்லை, பிடிக்குமா என்ற கேள்வியில்தான் இருக்கிறது. அந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது என்பதுதான் மற்றதெல்லாம்.

## குறுக்குத்துறையும் நீச்சலும்

என் அண்ணனுக்கு நீச்சல் தெரியும். எனக்குத் தெரியாது. இரண்டு பேரும் தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவர்கள்தான். அவன் ஏழு வயதில் பெரிய பையன்களோடு குறுக்குத்துறைக்குப் போய், முதலில் படியைப் பிடித்துக்கொண்டு காலை அடித்து, அப்புறம் கல்மண்டபத்து மேலிருந்து குதித்து, நாலு தடவை தண்ணி குடித்துக் கற்றுக்கொண்டான். நான் அம்மாவோடு படித்துறையில் முங்கிவிட்டு ஈரச் சேலையைப் பிழிய உதவி செய்துவிட்டு வந்தேன். பத்து வயதில் யாராவது என்னிடம் "உனக்கு நீச்சலில் விருப்பம் உண்டா?" என்று கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன், அது பொய்யும் இல்லை. எனக்கு நிஜமாகவே விருப்பம் இருக்கவில்லை.

ஆனால் எங்கள் ஆச்சி இக்கரையிலிருந்து அக்கரைக்கு நீந்திப் போய் வருவாள் என்று அம்மாவே சொல்லியிருக்கிறாள். ஆச்சிக்கும் எனக்கும் நடுவில் இரண்டு தலைமுறை. இரண்டு தலைமுறையில் ரத்தம் மாறாது. மாறியது என்னவென்றால், பெண் பிள்ளையைத் தனியாக ஆற்றில் விடுவதா என்ற நினைப்பும், வீட்டுக்கே குழாய் வந்துவிட்டதும்தான்.

விருப்பம் என்பது பிறக்கும்போதே உள்ளே புதைந்திருக்கிற புதையல், தோண்டினால் கிடைக்கும் என்று நாம் நினைக்கிறோம். "உனக்கு என்ன பிடிக்கும்னு யோசி" என்று பிள்ளையிடம் சொல்வது அதனால்தான். தொட்டுப் பார்க்காத ஒன்றின் மேல் விருப்பம் அபூர்வமாகத்தான் வரும். பையன் லீவு நாளில் பைக் ஒர்க் ஷாப்பில் போய் நிற்கிறான், ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிறான், மொபைல் கடை அண்ணன் டிஸ்ப்ளே மாற்றுவதைப் பார்க்கிறான். அதை யாரும் படிப்பு என்று சொல்வதில்லை, ஆனால் படிப்புதான். அதே வயதுப் பெண் அந்த நேரத்தில் வீட்டில் இருக்கிறாள், முக்கூடல் ஆலங்குளம் பக்கம் என்றால் அம்மாவோடு உட்கார்ந்து பீடி இலை வெட்டிக்கொண்டிருக்கலாம். 2011இல் அரசு பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தபோது பையனுக்கும் பெண்ணுக்கும் சமமாகத்தான் கொடுத்தது. என்னிடம் படித்த ஒரு பெண்ணின் லேப்டாப்பில் கடைசிவரை அவளுடைய அண்ணன்தான் உட்கார்ந்திருந்தான். அவள் அதைத் திறந்தது சார்ஜ் போட.

## கிணறும் கரண்டும்

சரி, தொட்டுப் பார்த்தால் மட்டும் விருப்பம் வந்துவிடுமா? வராது.

தோட்டத்துக்குத் தண்ணீர் பாய வேண்டும் என்றால் கிணற்றில் தண்ணீர் இருக்க வேண்டும், மோட்டாருக்குக் கரண்டும் இருக்க வேண்டும். கிணறு நிரம்பி வழிந்தாலும் கரண்டு இல்லையென்றால் வாய்க்காலில் ஒரு சொட்டு வராது. மும்முனை மின்சாரம் நாள் பூராவும் இருந்தாலும் கிணறு வறண்டிருந்தால் அதே கதைதான். ஒன்றில் குறைந்ததை மற்றொன்றால் ஈடுகட்ட முடியாது. கணக்குப் பாஷையில் சொன்னால் இது கூட்டல் இல்லை, பெருக்கல்.

பதின்வயதுப் பிள்ளை ஒரு துறையைத் தேர்ந்தெடுப்பதும் இப்படித்தான் என்று ஜாக்குலின் எக்கில்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் 1983இல் ஒரு கோட்பாட்டை வைத்தார்கள். எதிர்பார்ப்பு–மதிப்புக் கோட்பாடு என்று சொல்லலாம். பிள்ளை தனக்குள் இரண்டு கேள்வி கேட்கிறாள். "இது என்னால் முடியுமா?" என்பது எதிர்பார்ப்பு. "இதைச் செய்து எனக்கு என்ன?" என்பது மதிப்பு. அந்த மதிப்புக்குள்ளேயே பிடித்தம், பயன், இது என்னை மாதிரி ஆளுக்குப் பொருந்துமா என்ற நினைப்பு எல்லாம் அடங்கும், அதிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டிய ஒன்றும் இருக்கிறது: விலை. பண விலை மட்டும் இல்லை, மன விலையும்.

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். என்னால் இதைச் செய்ய முடியும் என்று ஒரு குறிப்பிட்ட வேலையைப் பற்றி மனதில் இருக்கிற உறுதிக்குத் தன்திறன் நம்பிக்கை என்று பெயர், ஆல்பர்ட் பாண்டுரா 1977இல் விரிவாக எழுதியது. அது உண்மைத் திறமையோடு எப்போதும் ஒத்துப்போகாது. ஷெல்லி கோரல் என்ற சமூகவியலாளர் 2001இல் அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளின் தகவலை வைத்துக் காட்டினார், ஒரே மதிப்பெண் வாங்கிய பையனும் பெண்ணும் இருந்தால் பையன் தன்னைக் கணக்கில் இன்னும் கெட்டிக்காரன் என்று மதிப்பிடுகிறான். அடுத்து அவர்கள் என்ன படிக்கப் போகிறார்கள் என்பதை அந்த மதிப்பீடும் பாதிக்கிறது. இதை நான் என் வீட்டுத் திண்ணையிலேயே பார்க்கிறேன். 70 வாங்கிய பையன் "கேள்வித்தாள் மோசம் டீச்சர்" என்பான். 88 வாங்கிய பெண் "எனக்குக் கணக்கு வராது டீச்சர், அடிச்சுப் படிச்சுதான் வாங்குனேன்" என்பாள்.

தன்திறன் நம்பிக்கை பலமாக வளருவது சொந்தக் கையால் ஒன்றைச் செய்து முடித்த அனுபவத்திலிருந்து என்று பாண்டுரா சொன்னார். "நீ கெட்டிக்காரி" என்று பத்துத் தடவை சொல்வதைவிட ஒரு தடவை சுவிட்ச் போர்டைக் கழற்றி மாட்ட விடுவது பெரிது. (மெயினை அணைத்துவிட்டு, பக்கத்தில் நின்றுகொண்டு.)

இதுவரை: விருப்பம் வர ஒரு விஷயத்தைத் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும், என்னால் முடியும் என்று தோன்ற வேண்டும், எனக்கு இது வேண்டும் என்றும் தோன்ற வேண்டும். ஒன்று பூஜ்யம் என்றால் மொத்தமும் பூஜ்யம்.

## ஒரே 85, இரண்டு முடிவு

இனி அந்த 30 புள்ளிக்கு வருவோம். இந்தத் தலைப்பில் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இதுதான், ஏனென்றால் இதைத் தெரிந்துகொண்டபோது பல வருஷமாக நானே செய்துகொண்டிருந்த தவறு புரிந்தது.

ஒரு வீட்டில் இரட்டைப் பிள்ளைகள், பையனும் பெண்ணும். இரண்டு பேரும் கணக்கில் 85. பையன் தமிழில் 62, பெண் தமிழில் 95. வீட்டுக்கு வந்தவர்கள் மார்க் ஷீட்டைப் பார்த்துவிட்டுப் பையனிடம் "ஏலே, கணக்குல புலியா இருக்கியே, இன்ஜினியரிங் போ" என்பார்கள். பெண்ணிடம் "உனக்குத் தமிழ் என்னமா வருது, டீச்சர் ஆயிரு" என்பார்கள். யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் அவளைத் தாழ்த்தவும் இல்லை. ஆனாலும் அதே 85 ஒருவனைப் பொறியியலுக்கு அனுப்புகிறது, ஒருத்தியை அனுப்பவில்லை.

பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாமல், என்னுடைய பாடங்களிலேயே எது மற்றதைவிட நன்றாக வருகிறது என்று பார்ப்பதை ஒப்பீட்டுச் சாதகம் என்பார்கள். தாமஸ் பிரேடா, கிளோடில்ட் நாப் என்ற பிரான்ஸ் ஆய்வாளர்கள் 64 நாடுகளில் மூன்று லட்சம் பிள்ளைகளின் பீசா விவரங்களை எடுத்துப் பார்த்து 2019இல் வெளியிட்டது இதுதான்: கணக்கு சார்ந்த படிப்பை விரும்புவதில் பையனுக்கும் பெண்ணுக்கும் இருக்கிற இடைவெளியில் 80 சதவீதம் வரை, கணக்கு மதிப்பெண்ணுக்கும் வாசிப்பு மதிப்பெண்ணுக்கும் ஒரே பிள்ளைக்குள் இருக்கிற வித்தியாசத்தாலேயே விளக்கிவிடலாம். பெண்கள் கணக்கில் மோசமாக இருப்பதால் இல்லை, வாசிப்பில் மிக நன்றாக இருப்பதால் வேறு பக்கம் போகிறார்கள்.

இது கெட்ட செய்தியா? தமிழில் 95 வாங்குகிறவள் தமிழ் படிக்க ஆசைப்பட்டால் தாராளமாகப் படிக்கட்டும், அது உயர்ந்த படிப்பு. நான் வருத்தப்படுவது வேறு விஷயத்துக்கு. இரண்டு கதவும் திறந்திருக்கிறது என்று அவளிடம் யாருமே சொல்லாமல் ஒரு கதவை மட்டும் காட்டுகிறோம். நன்றாகப் படிக்கவும் எழுதவும் தெரிந்த ஆள் மென்பொருள் வேலைக்கு எவ்வளவு தேவை என்பது அந்த வேலையில் இருப்பவர்களைக் கேட்டால் தெரியும். வாடிக்கையாளர் கேட்பதைப் புரிந்துகொள்வது, புரிந்ததைப் பிழையில்லாமல் எழுதுவது, இன்னொருவர் எழுதிய நிரலை (புரோகிராமை) வாசிப்பது என்று பாதி நாள் அதிலேயே போகிறது.

## முறுக்கு அச்சு

முறுக்கு அச்சில் எந்த மாவைப் போட்டாலும் அந்த அச்சின் வடிவம்தான் விழும். ஒரு கூட்டத்தைப் பற்றி ஊரே வைத்திருக்கிற இப்படி ஒரு அச்சுக்கு வார்ப்புப் பிம்பம் என்று பெயர். "பொம்பளப் பிள்ளைகளுக்கு மெஷின்ல இஷ்டம் கிடையாது" என்று மாமா சொன்னது ஒரு வார்ப்புப் பிம்பம். அவர் சொன்னது ஒரு கணிப்பு என்று அவர் நினைத்தார். சொல்வதே அச்சாக வேலை செய்யும் என்பது அவருக்குத் தெரியாது.

அமெரிக்காவில் அல்லிசன் மாஸ்டர், சப்னா செரியன், ஆண்ட்ரூ மெல்ட்சாஃப் ஆகிய மூவரும் 2021இல் வெளியிட்ட ஆய்வில் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளிடம் இரண்டு கணினிச் செயல்பாடுகளைக் காட்டினார்கள். ஒன்றைப் பற்றி, இதில் பெண்களைவிடப் பையன்களுக்குத்தான் ஆர்வம் அதிகம் என்று சொன்னார்கள். மற்றதைப் பற்றி இரண்டு பேருக்கும் ஒரே அளவு ஆர்வம் என்று சொன்னார்கள். முதலாவதில் பெண் பிள்ளைகளின் ஆர்வம் குறைந்தது, இரண்டாவதில் இடைவெளியே இல்லாமல் போனது. ஒரே ஒரு வாக்கியம்! நம் வீடுகளில் அந்த வாக்கியத்தைப் பிள்ளை பதினைந்து வருஷம் கேட்கிறாள்.

அச்சு பேச்சில் மட்டும் இல்லை, சுவரிலும் இருக்கிறது. அதே ஆய்வாளர்கள் 2016இல் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளிடம் இரண்டு கம்ப்யூட்டர் வகுப்பறைகளின் படங்களைக் காட்டினார்கள். ஒன்றில் விண்வெளி சினிமா போஸ்டர்களும் பிரித்துப்போட்ட கணினி உதிரிகளும், மற்றதில் செடிகளும் இயற்கைக் காட்சிப் படங்களும். பையன்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பெண்களில் கணிசமான பேர் இரண்டாவது அறையில் நடக்கும் வகுப்பென்றால் சேருவேன் என்றார்கள். பாடம் ஒன்றுதான், அறைதான் வேறு.

பிள்ளைகள் இந்த அச்சை எப்போது பிடித்துக்கொள்கிறார்கள்? லிண்டா காட்ஃபிரட்சன் 1981இலேயே எழுதினார், ஆறிலிருந்து எட்டு வயதுக்குள் பிள்ளைகள் "இது ஆம்பளை வேலை, இது பொம்பளை வேலை" என்று பிரித்து, தனக்குப் பொருந்தாது என்று தோன்றுவதைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுகிறார்கள். அடித்ததைத் திரும்ப எடுத்துப் பார்ப்பது அபூர்வம். நாம் பதினைந்து வயதில் வந்து கேட்கிறோம்.

அச்சு இடத்துக்கு இடமும் காலத்துக்குக் காலமும் மாறுகிறது என்பதும் தெரிந்த விஷயம். 1946இல் அமெரிக்காவில் எனியாக் என்ற முதல்தலைமுறைக் கணினி வெளியுலகுக்குக் காட்டப்பட்டபோது அதற்கு நிரல் எழுதியவர்கள் ஆறு பெண்கள். அதே நாட்டில் 1984இல் கணினி அறிவியல் பட்டம் வாங்கியவர்களில் 37 சதவீதம் பெண்கள், பின்னர் அது 18 சதவீதம் வரை இறங்கியது. வீட்டுக் கணினியைப் பையன்களின் விளையாட்டுச் சாமானாக விற்க ஆரம்பித்த காலமும் அதுதான். மலேசியாவில் இதற்கு நேர் எதிர், கணினி அறிவியல் வகுப்பில் பாதிப் பேர் பெண்கள், ஏனென்றால் அங்கே அது அறைக்குள் உட்கார்ந்து செய்கிற பெண்களுக்கு ஏற்ற வேலை என்று பெயர் வாங்கியிருக்கிறது. பிறவியிலேயே வருகிற வெறுப்பு என்றால் கடல் தாண்டினால் மாறாது.

சுருக்கமாகச் சொன்னால், ஒரு துறையைப் பற்றிய ஊர்ப்பேச்சு அந்தத் துறையின் மேல் பிள்ளைக்கு வரும் விருப்பத்தையே வடிவமைக்கிறது.

## நம் பக்கத்தில் கோடு வேறு இடத்தில் விழுகிறது

இங்கேதான் இணையத்தில் வருகிற விளக்கங்கள் நமக்கு முழுக்கப் பொருந்தாமல் போகின்றன. அமெரிக்காவில் கம்ப்யூட்டர் என்றாலே பையன்களின் உலகம் என்று ஒரு பிம்பம். திருநெல்வேலியில் பெற்றோர்களிடம் பேசிப் பாருங்கள். "பொண்ணுக்குன்னா கம்ப்யூட்டர்தான் நல்லது, ஏசி ரூம், உட்கார்ந்த வேலை. மெக்கானிக்கல், சிவில் எல்லாம் வெயில்ல நிக்கணும், ஆம்பளைங்களோட நிக்கணும்" என்பார்கள். மலேசியக் கதையேதான். இந்திய மாணவிகளிடம் ஆய்வு செய்த ரோலி வர்மாவும் இதையே கேட்டு எழுதியிருக்கிறார். ஆகவே நம் ஊரில் கோடு கம்ப்யூட்டருக்கும் மற்றதற்கும் நடுவில் இல்லை, உட்காரும் வேலைக்கும் நிற்கும் வேலைக்கும் நடுவில் விழுகிறது.

இதில் ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் உண்டு. நல்லது, நம் பெண்கள் கம்ப்யூட்டர் வகுப்பில் தனியாக உட்கார வேண்டியதில்லை. கெட்டது, நம் மாவட்டத்தில் கண்ணுக்கு எதிரே இருக்கிற பெரிய தொழில்நுட்பமெல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறது. மகேந்திரகிரியில் ராக்கெட் இயந்திரங்களைச் சோதிக்கிறார்கள். கூடங்குளத்தில் அணுமின் நிலையம். ராதாபுரம் வழியாகப் போனால் இரண்டு பக்கமும் காற்றாலை. கங்கைகொண்டானில் சூரியத் தகடு செய்கிற பெரிய ஆலை, அங்கே உற்பத்தி வரிசையில் பெரும்பாலும் பெண்கள் என்பதை நம் ஊரிலேயே பலர் கவனிக்கவில்லை. காற்றாலையைப் பார்த்து வளர்கிற வள்ளியூர்ப் பெண் பிள்ளைக்கு, அதன் மேல் ஏறிப் பழுது பார்க்கிற ஆளாகத் தான் இருக்கலாம் என்று ஒரு தடவையாவது தோன்றியிருக்குமா? பிளஸ் டூ தொழிற்கல்விப் பிரிவிலேயே, நான் பார்த்த பெண்கள் பள்ளிகளில் நர்சிங்கும் தையலும், பையன்கள் பள்ளிகளில் மெக்கானிக்கலும் எலக்ட்ரிக்கலும் இருந்தன. கடையில் இல்லாத சாமானைப் பிள்ளை எப்படிக் கேட்பாள்?

அப்புறம் விலை. எக்கில்ஸ் சொன்ன கணக்கில் கழித்துக்கொள்ள வேண்டியது என்றேனே, நம் பக்கத்துப் பெண்களுக்கு அது மிகப் பெரியது. வேலை சென்னையிலோ பெங்களூரிலோ. நெல்லை எக்ஸ்பிரசில் ஒரு ராத்திரி. ஹாஸ்டல், இரவு ஷிப்ட், "இருபத்திமூணு ஆச்சே, மாப்பிள்ளை பாக்கலியா?" என்ற கேள்வி. பதினைந்து வயதுப் பெண் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் கணக்குப் போட்டுவிடுகிறாள். போட்டு முடித்துவிட்டு நம்மிடம் "பிடிக்கல" என்று மட்டும் சொல்கிறாள். அந்தப் "பிடிக்கல"யைக் கேட்டு நாம் விருப்பம் இல்லை என்று எழுதிக்கொள்கிறோம். பையனுக்கு இதே வேலை, இதே ரயில், விலை மட்டும் கால்வாசி.

அரசு கொஞ்சம் விலையைக் குறைக்கப் பார்த்திருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகிற பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் கொடுக்கிற புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. பொறியியல் மாதிரியான படிப்புகளில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு 2021இலிருந்து இருக்கிறது. பஸ் காசுக்கும் ஃபீஸுக்கும் இது உதவும், நிஜமாகவே உதவுகிறது. ஊர்ப்பேச்சின் விலையை வீடுதான் குறைக்க வேண்டும்.

## பிறவியிலேயே கொஞ்சம் இருக்காதா?

இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டுப் போவது நேர்மை இல்லை. ஐந்து லட்சம் பேருக்கு மேல் சேர்த்துப் பார்த்த 2009ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு ஒன்று, ஆண்கள் சராசரியாகப் பொருள்களோடு செய்யும் வேலையையும் பெண்கள் சராசரியாக மனிதர்களோடு செய்யும் வேலையையும் விரும்புகிறார்கள் என்று காட்டியது. வித்தியாசம் சின்னதும் இல்லை.

ஆனால் அந்த ஆய்வு அளந்தது, பதின்வயதினரிடமும் பெரியவர்களிடமும் ஏற்கெனவே உருவாகிவிட்ட விருப்பத்தை. குறுக்குத்துறையில் போய் யாருக்கு நீச்சல் பிடிக்கும் என்று இன்றைக்குக் கணக்கெடுத்தாலும் பெரிய வித்தியாசம் வரும், அது ஆச்சியைப் பற்றி ஒன்றும் சொல்லாது. இன்னொன்று, சராசரி என்றால் என்ன என்பதில் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். சராசரியாக ஆண்கள் பெண்களைவிட உயரம், அதற்காக உங்கள் தெருவில் எந்த ஆணைவிடவும் எந்தப் பெண்ணும் உயரம் இல்லை என்று ஆகாது. உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிற ஒரு பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்பதை அவளிடம்தான் கேட்க வேண்டும், சராசரியிடம் கேட்கக் கூடாது.

## கையில் ஏற்கெனவே இருப்பது

நம் பெண் பிள்ளைகள் தொட்டே பார்க்காதவர்கள் என்று நான் சொன்னதில் ஒரு திருத்தம். மார்கழியில் வாசலில் பதினைந்து புள்ளி, இடைப்புள்ளி எட்டு வரை வைத்து, கோட்டை எங்கே வளைக்க வேண்டும், எத்தனையாவது புள்ளியில் திரும்ப வேண்டும் என்று ஒரு விதியைத் தலைக்குள் வைத்துக்கொண்டு இழுக்கிறாளே, அதே விதியைத் திரும்பத் திரும்பச் செய்தால் கோலம் மூடிக்கொள்ளும் என்று தெரிந்து இழுக்கிறாளே, நிரல் எழுதுவதும் அடிப்படையில் இதுதான். செய்ய வேண்டியதைப் படிப்படியாக, பிசகில்லாத விதிகளாக வைப்பது. நான் மிகைப்படுத்தவில்லை. கிஃப்ட் சிரோன்மணி, ராணி சிரோன்மணி, கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் கோலங்களைக் கணினி இலக்கணமாக எழுதி 1974இல் ஆய்வுக் கட்டுரையே வெளியிட்டார்கள். மூவரில் இருவர் பெண்கள், இந்தத் துறையில் பெரிய பெயர்கள். பத்தமடைப் பாயில் நிறக் கோரையை எண்ணி எண்ணிக் கோக்கிற பெண்ணும் செய்வது எண்களின் வேலைதான்.

கோலம் போடத் தெரிந்தால் வேலை கிடைத்துவிடும் என்று சொல்லவில்லை. "எனக்கு இதெல்லாம் வராது" என்று அவள் சொல்லும்போது, வருகிற ஒன்றை எடுத்துக் காட்ட நம்மிடம் இருக்கிறது என்கிறேன். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது என்று அவளுக்கே தெரியவில்லை.

மாற்றம் வர எத்தனை தலைமுறை ஆகும் என்று மலைக்கவும் வேண்டாம். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலில் சேர்ந்த பெண்கள் 1995இல் 7 சதவீதம், 2000இல் 42 சதவீதம். ஐந்தே வருஷம். ஏற்கெனவே நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு முன்னுரிமை தருவதை நிறுத்தினார்கள், புதிதாக வருகிறவர்களுக்குத் தனித் தொடக்க வகுப்பு வைத்தார்கள். ஒர்க் ஷாப்பில் நிற்காத பிள்ளைக்கும் இடம் உண்டு என்று ஆக்கினார்கள், அவ்வளவுதான்.

ஆளைக் காட்டுவதும் வேலை செய்கிறது. பிரான்சில் பெண் விஞ்ஞானிகள் பள்ளி வகுப்புக்கு வந்து ஒரு மணி நேரம் பேசியதற்கே, கடைசி வருஷ மாணவிகளில் கூடுதல் பேர் அறிவியல் தொழில்நுட்பப் படிப்புகளில் சேர்ந்திருக்கிறார்கள். நமக்கு ஆள் தேட வெகுதூரம் போக வேண்டாம். 2023 செப்டம்பர் 2 அன்று சூரியனைப் பார்க்கக் கிளம்பிய ஆதித்யா எல்1 விண்கலத்தின் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர், அரசுப் பள்ளியில் படித்து நம் திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல் முடித்து 1987இல் இஸ்ரோவில் சேர்ந்தவர். ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன், அவ்வளவு பெரிய ஆளைக் காட்டினால் சில பிள்ளைகள் கைதட்டிவிட்டு "அவங்க மாதிரி நமக்கெல்லாம் ஆகாது" என்று எழுந்து போய்விடுகிறார்கள். அடுத்த தெருவில் பாலிடெக்னிக் முடித்துவிட்டு வேலைக்குப் போகிற அக்காவிடம், சம்பளம் எவ்வளவு, ராத்திரி எப்படி வீட்டுக்கு வருகிறாய், வீட்டில் என்ன சொன்னார்கள் என்று கேட்க முடியும். விலையைப் பற்றிய சந்தேகத்துக்கு அந்த அக்காதான் பதில்.

அந்தக் கல்யாண வீட்டில் எல்லாரும் கலைந்தபின் நான் அண்ணன் மகளிடம் போய் உட்கார்ந்தேன். என்ன பிடிக்கும் என்று கேட்கவில்லை. "வீட்ல எதையாவது கழட்டி மாட்டியிருக்கியா ஏட்டி?" என்று கேட்டேன். "ஆச்சி வீட்டு கிரைண்டர் பெல்ட் கழண்டுட்டுன்னா நான்தான் மாட்டுவேன். அதெல்லாம் ஒரு வேலையா அத்தை?" என்றாள். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, தாத்தாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது பார்த்த ஸ்கேன் மெஷினைப் பற்றி ஆரம்பித்தாள். அது உடம்புக்குள்ளே எப்படிப் பார்க்கிறது, கெட்டுப்போனால் யார் வந்து சரி பண்ணுவார்கள், அவர்கள் நர்சிங் படித்தவர்களா வேறு ஏதாவது படித்தவர்களா என்று. என்னிடம் முன்னால் படித்த பெண் ஒருத்தி மதுரையில் அந்த வேலைதான் செய்கிறாள், மருத்துவக் கருவிகளைப் பழுது பார்ப்பது. மறுநாள் போன் போட்டுக் கொடுத்தேன், நாற்பது நிமிஷம் பேசினார்கள். பிள்ளை பயோ மேத்ஸ் எடுத்திருக்கிறாள், அதில் கணக்கும் இருக்கிறது, இரண்டு பக்கமும் போகலாம். மாமாவும் சந்தோஷம்தான், பயாலஜி என்றதும்.